இன்ஜின் சூடு: உங்கள் காருக்கு எந்த எண் இயல்பு?

இன்ஜினைக் குளிரவைக்க அதற்குள் சுற்றிவரும் திரவமான கூலண்டின் வெப்பநிலையைக் கண்காணிப்பது பற்றி வந்த கேள்விகளில் ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, கீழே பதில் எழுதியிருக்கிறேன். எண்கள் எல்லாம் செல்சியஸ் அளவில் உள்ளன.

கேள்வி (தாம்பரம், பெட்ரோல் செடான்): மீட்டர் போர்டில் வெப்பநிலை முள் எப்போதும் சரிபாதியிலேயே நிற்கிறது. புதிதாக வாங்கிய ஓபிடி கருவி (காரின் கணினியில் உள்ள செய்திகளைப் படித்துக் காட்டுவது) ஒரு நேரம் 88 என்றும் இன்னொரு நேரம் 101 என்றும் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: ஓபிடி கருவியை நம்புங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் செய்தி ஒரே சென்சாரிலிருந்துதான் வருகிறது. ஆனால் முள்ளை நகர்த்தும் மென்பொருள் அந்தச் செய்தியை அப்படியே காட்டுவதில்லை. ஏறத்தாழ 80 முதல் 105 வரை எந்த வெப்பநிலை இருந்தாலும் முள் நடுவில் நிற்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. முள் சிறிது அசைந்தாலே உரிமையாளர்கள் பயந்து பணிமனைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதால் தயாரிப்பாளர்கள் செய்த ஏற்பாடு இது. அதனால் முள் நடுவைத் தாண்டி மேலே நகரும்போது, சிக்கல் தொடங்கி ஏற்கெனவே சில நிமிடங்கள் ஆகியிருக்கும்.

நீங்கள் பார்த்த 88, 101 இரண்டுமே இயல்பான எண்கள்தாம். கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு, காரைப் பொறுத்து 82 முதல் 88 டிகிரிக்குள் உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கத் தொடங்கும். அதற்கு மேலே ரேடியேட்டரும், தேவைப்பட்டால் ஃபேனும் சூட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. மின் ஃபேன் பல கார்களில் 95 முதல் 100 டிகிரி வாக்கில் ஓடத் தொடங்கும். ஆகவே 85 முதல் 105 வரை என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பொது எல்லையைவிட உங்கள் காரின் சொந்த எண்ணைத்தான் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கார் நல்ல நிலையில் இருக்கும்போதே நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு, ஏசி போட்டு நெரிசலில் நிற்கும்போது எவ்வளவு, மேட்டில் ஏறும்போது எவ்வளவு என்று குறித்துவையுங்கள். நெடுஞ்சாலையில் எப்போதும் 90 காட்டிய கார், அதே வெயிலில் அதே சாலையில் ஒருநாள் 99 காட்டினால், 99 என்பது எல்லைக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஒரு ஹோஸ் கசியத் தொடங்கியிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். அந்த 9 டிகிரி வித்தியாசத்தை முள் உங்களுக்கு ஒருபோதும் காட்டாது.

கேள்வி (திருப்பூர், சிறிய ஹேட்ச்பேக்): என் காரில் முள்ளே இல்லை. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ளன. இது போதுமா?

பதில்: நீல விளக்கு இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று சொல்கிறது, அது அணையும் வரை ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதிக்காமல் ஓட்டுவது நல்லது. சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை என்பதுதான் குறை. ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல்களுக்குச் சற்று மேலே, 16 ஊசிகளுக்கான ஓபிடி துளை இருக்கும். அதில் ஒரு புளூடூத் கருவியைச் செருகிக் கைபேசியில் கூலண்ட் வெப்பநிலையைத் திறந்துவைத்தால் போதும். கார் பல நாட்கள் நிற்கப்போகிறது என்றால் கருவியைக் கழற்றிவிடுங்கள்; மலிவான கருவிகள் கார் அணைந்திருக்கும்போதும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கேள்வி (பொள்ளாச்சி, டீசல் எஸ்யூவி): ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 104 வரை போனது. திரும்பி இறங்கும்போது 83க்கு வந்துவிட்டது. ஒரே பயணத்தில் 21 டிகிரி வித்தியாசம் வருவது கோளாறா?

பதில்: இல்லை. ஐந்து பேர், சாமான், ஏசி எல்லாவற்றோடும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே ஏறும் இன்ஜின் மிகுந்த எரிபொருளை எரிக்கிறது. வேகம் குறைவாக இருப்பதால் ரேடியேட்டருக்குள் புகும் காற்றும் குறைவு. ஆகவே சூடு ஏறத்தான் செய்யும். இறங்கும்போது கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், டீசல் செலுத்துவதையே கணினி நிறுத்திவிடும். இன்ஜினில் எரிப்பே நடக்காது. அப்போது வெப்பநிலை தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும் அளவுக்கு இறங்குவது சரிதான்.

ஏறும்போது எந்த எண்ணைத் தொடுகிறது என்பதோடு, எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதையும் பாருங்கள். ஆரோக்கியமான கார் ஏற்றம் தணிந்து சாலை சமமான சில நிமிடங்களுக்குள் 95க்குக் கீழே வந்துவிடும். 104க்குப் போய் அங்கேயே நின்றாலோ, ஒவ்வொரு ஏற்றத்திலும் முன்னதைவிட 2 டிகிரி கூடுதலாக ஏறினாலோ, ரேடியேட்டரின் முன்பக்கத் தகடுகளைப் பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சேறும் பூச்சிகளும் காய்ந்து ஒட்டியிருப்பதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும். அதிக அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ஏறும்போது 108ஐத் தாண்டினால் முதலில் ஏசியை அணையுங்கள், ஒரு கியர் குறைத்து இன்ஜினைச் சற்று வேகமாகச் சுழல விடுங்கள். அதிகக் கியரில் திணறவைப்பதைவிட இது நல்லது. தண்ணீர் பம்பும் வேகமாகச் சுழலும்.

கேள்வி (உதகை): மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்கிறார்களே, இங்கே கூலண்டும் சீக்கிரம் கொதித்துவிடாதா?

பதில்: உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே ஏறத்தாழ 92 முதல் 93 டிகிரியில் கொதிக்கிறது. ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரம் அல்ல. பிரஷர் குக்கரில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது, வெளிக்காற்றைவிட எத்தனை பார் கூடுதல் அழுத்தத்தை அது தாங்கிப்பிடிக்கும் என்பதைக் குறிக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரியிலும், நல்ல மூடியின் அடியில் 125க்கு மேலும்தான் கொதிக்கும். உதகையில் இது 4 டிகிரி வரை குறையலாம், அவ்வளவுதான். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப்போனால்தான் அங்கே உண்மையான ஆபத்து. இந்த மூடியின் விலை சில நூறு ரூபாய். சந்தேகம் வந்தால் அதே எண் அச்சிட்ட புதிய மூடியை மாற்றிவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): நெரிசலில் 91க்கும் 98க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பதில்: ஃபேன் ஓடி நிற்கும் தாளம் அது. நன்றாக வேலை செய்கிறது.

இந்த எண்ணை வைத்தே வேறு ஒன்றையும் கண்டறியலாம். நெரிசலில் மட்டும் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டால் குறை ஃபேன், அதன் ரிலே, அல்லது ஃபியூஸில் இருக்கிறது. நெரிசலில் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட ஏறினால், கூலண்ட் போதிய அளவில் ஓடவில்லை என்று பொருள். அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், முழுதும் திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது இந்த ஒரு விவரத்தைச் சொன்னால் தேவையில்லாத பாதிச் செலவு குறையும்.

கேள்வி (விருதுநகர்): நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். கழற்றினால் இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும் அல்லவா?

பதில்: தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். இந்த ஆலோசனை பழைய கார்களின் காலத்திலிருந்து பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதனால் கெட்டுப்போன இன்ஜின்கள் ஏராளம். வெளியில் வெயில் 40 டிகிரியாக இருந்தாலும், தெர்மோஸ்டாட் இல்லாத கார் நெடுஞ்சாலையில் 65 அல்லது 70 டிகிரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கணினி தொடர்ந்து கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும். மைலேஜ் குறைவதோடு, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலந்து அதை நீர்த்துவிடும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகி வெளியேறாமல் கசடாகத் தங்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். குளிரவைக்கச் செய்த வேலை மேட்டில் ஏறும்போது ஓவர்ஹீட்டில் முடியும்.

உங்கள் கார் சூடேறியதற்குத் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டது காரணமாக இருந்தால், அதே வெப்பநிலை அச்சிட்ட புதியதை மாற்றச் சொல்லுங்கள். காரணம் வேறென்றால், கழற்றுவது அந்தக் காரணத்தைச் சில மாதங்களுக்கு மறைத்துவைக்கும்.

கேள்வி (தூத்துக்குடி, பி.எஸ்.6 டீசல்): எத்தனை தூரம் ஓட்டினாலும் 70ஐத் தாண்டுவதில்லை. நல்லதுதானே என்று இருந்தேன். இப்போது டிபிஎஃப் விளக்கு எரிகிறது.

பதில்: இரண்டும் தொடர்புடையவை. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தப்படுத்திக்கொள்ள, கூலண்ட் போதிய அளவு சூடேறியிருக்க வேண்டும் என்று கணினியில் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். உங்கள் இன்ஜின் அந்த நிலையை எட்டாததால் கரி சேர்ந்துகொண்டே போகிறது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு பதிவாகியிருந்தால் அது கிட்டத்தட்ட உறுதி. நீங்களே பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினை இயக்கி, ஃபேனிலிருந்து கை தள்ளி, ரேடியேட்டரின் கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கருவி 80 காட்டும் வரை அது குளிர்ந்தே இருந்து, பிறகு சில நிமிடங்களில் சூடேற வேண்டும். முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு மூடுவதில்லை. டிபிஎஃபை மட்டும் சுத்தம் செய்து அனுப்பினால் விளக்கு மீண்டும் எரியும் என்பதையும் பணிமனையில் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): சென்ற மாதம் முள் சிவப்பு வரை ஏறியது, நிறுத்த இடம் தேடுவதற்குள் சட்டென்று இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினேன். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார்கள். முள் ஏன் பொய் சொன்னது?

பதில்: சென்சாரின் முனை கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் அதன் வெப்பநிலையைச் சரியாக அளக்கும். ஹோஸ் வெடித்தோ கசிந்தோ கூலண்ட் முழுவதும் வெளியேறிவிட்டால், அந்த முனை வெறும் காற்றிலும் நீராவியிலும் நிற்கும். காற்று உலோகத்தின் சூட்டை அதற்கு ஒழுங்காகக் கடத்தாது. சிலிண்டர் ஹெட் கொதித்துக்கொண்டிருக்கையில் முள் கீழே இறங்குவது இதனால்தான். இதை எல்லா ஓட்டுநர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் இப்படிப் போன இன்ஜின்கள் பெரும்பாலும் முள் இறங்கிய பிறகு ஓட்டிய தூரத்தில்தான் போகின்றன. சிவப்புக்குப் போன முள் காரணமில்லாமல் இறங்கினால், அது ஏறியதைவிடப் பெரிய எச்சரிக்கை.

அடுத்த முறை முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திறந்து, ஃபேனை உச்சத்தில் வையுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். வண்டியை ஓரங்கட்டுவதற்குள் சில டிகிரிகளை அது இறக்கும். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலண்ட் இல்லை என்று அறிந்து, அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்காவது தொட வேண்டாம். மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, அது மெத்தென்று இருந்தால் மட்டும் கனமான துணியைப் போட்டு மெல்லத் திருகுங்கள். அழுத்தத்தில் நிற்கும் 110 டிகிரி கூலண்ட், மூடி திறந்த அந்த நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. அலுமினிய ஹெட் வளையவோ விரிசல் விடவோ கூடும்.

கேள்வி (கரூர்): கூலண்ட் குறையும்போது போர்வெல் தண்ணீர் ஊற்றலாமா? பச்சைக்குப் பச்சை என்று நிறம் பார்த்து வாங்கலாமா?

பதில்: வழியில் வேறு கதியில்லாவிட்டால், இன்ஜின் ஆறிய பிறகு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஊர் வந்ததும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். வாடிக்கையாக ஊற்றினால், பாத்திரத்தில் படிவது போன்ற அதே உப்பு ரேடியேட்டரின் குழாய்களிலும் படியும். நிறம் வெறும் சாயம்; அதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. காரின் கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள், கலந்து விற்காததாக இருந்தால் கனிமம் நீக்கிய தண்ணீருடன் கலந்து ஊற்றுங்கள். எதை ஊற்றினாலும், வெளியே கசிவு தெரியாமல் டப்பாவில் மாதாமாதம் அளவு குறைந்துகொண்டே போனால், அது எங்கே போகிறது என்று அழுத்தம் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஓட்டும்போது 92. கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் எடுத்தால் 101 காட்டுகிறது.

பதில்: இன்ஜின் நின்றதும் பம்பும் நின்றுவிடுகிறது, உலோகத்தில் தேங்கிய சூடு நகராத கூலண்டுக்குள் இறங்குகிறது. எடுத்த ஓரிரு நிமிடங்களில் பழைய எண்ணுக்கு வந்துவிடும்.

கேள்வி (கோவை): 90 காட்டிக்கொண்டிருந்தது, ஒரே நொடியில் 121 என்று தாவி, மறுநொடி 90க்கே வந்தது. பலமுறை நடக்கிறது. இன்ஜினைத் திறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: இன்ஜினைத் திறக்க வேண்டாம். பல லிட்டர் கூலண்டின் சூடு ஒரு நொடியில் 31 டிகிரி ஏறி இறங்காது, ஆகவே இது பெரும்பாலும் மின் இணைப்பின் குறை. முதலில் கூலண்ட் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குறைந்திருந்து நீராவிக் குமிழ்கள் சென்சாரைத் தொட்டாலும் எண் தடுமாறும். அளவு சரியாக இருந்தால், சென்சாரின் பிளக்கைக் கழற்றி ஊசிகளில் பச்சையாகப் பாசி பிடித்தது போல் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் கழன்றிருக்கும்போது கருவி கழித்தல் 40 காட்டி, ஃபேன் தொடர்ந்து ஓடினால் பயப்பட வேண்டாம்; சென்சாரிடமிருந்து செய்தி வராதபோது பல கார்களின் கணினி அப்படித்தான் நடந்துகொள்ளும். ஊசிகளைத் துடைத்துப் பொருத்தி, இன்ஜின் ஓடும்போது வயரை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது எண் தாவினால் பிளக்கையும் அந்த வயர் முனையையும் மாற்றினால் போதும். தாவாவிட்டால் சென்சாரை மாற்றிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.