மிளகாய் காயப்போட்ட சகன்

கேள்வி: இனவாதத்தால் பாதிக்கப்பட்ட உங்களுக்குள்ளேயே இனவாதம் இருப்பதை எப்போதாவது உணர்ந்தீர்களா? அதைப்பற்றி மற்றவர்களோடு மனம்விட்டுப் பேசியதுண்டா?

நான் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் சிங்களச் சொல் 'பால்திய'. வாளி என்று அர்த்தம். அப்பா படிப்பித்தது. 58இலும் 83இலும் நடந்த தமிழருக்கு எதிரான கலவரங்களில் சிங்களக் கும்பல்கள் வழிமறித்து, ஆளைப் பார்த்து இனம்பிடிக்க முடியாதபோது வாளியைக் காட்டி இது என்னவென்று கேட்டார்கள். அந்த 'ப' சிங்களவர் வாயில் வருவதுபோல் வராவிட்டால் கதை முடிந்தது. ஏழு வயசில் என்னை நூறு தரமாவது சொல்லவைத்திருப்பார். கடைசியில் அது உதவவேயில்லை. 83 யூலை 25, திங்கட்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவர்கள் உச்சரிப்புச் சோதனைக்கு மினக்கெடவில்லை, கையில் வாக்காளர் பட்டியல் வைத்திருந்தார்கள்.

வீடு எரிந்தது. பின்வீட்டுச் சிங்கள அன்ரி எங்களை ஒரு இரவு வைத்திருந்தா. பிறகு இரத்மலானை விமான நிலையத்து அகதி முகாம், அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், பன்னிரண்டு வருசம் யாழ்ப்பாணம், 95 இடம்பெயர்வு, திரும்பவும் வெள்ளவத்தை. இந்தக் கதையை நான் நெடுநாளாக ஒரு நற்சான்றிதழ் மாதிரித்தான் பாவித்து வந்தேன். அடிபட்டவனுக்கு இனவாதம் வராது என்று உண்மையாகவே நம்பினேன்.

2019இல் அது கிழிந்தது. அப்போது கிழிந்ததே தெரியவில்லை என்பது வேறு விசயம்.

இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்று நடத்திய ஈஸ்டர் குண்டுவெடிப்பு ஏப்ரல் 21. அடுத்த கிழமையே எங்கள் தொடர்மாடியில் கூட்டம். முப்பத்திரண்டு வீடு, பெரும்பாலும் தமிழ், ஏழெட்டு சிங்களம், முஸ்லிம் வீடு நான்கு. அந்த நான்கு வீட்டிலும் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்குச் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரியும். ஒருவர் எழும்பி, 'அபாயா போட்டுக்கொண்டு ஆர் ஆரெல்லாம் லிஃப்டில ஏறினமெண்டு எங்களுக்கென்ன தெரியும்' என்றார். பதிவு வைக்கவேணும் என்று முடிவானது. எனக்கு மூன்று மொழியும் தட்டச்ச வரும் என்பதால் அறிவித்தலை எழுதும் வேலை என் தலையில். மறுக்கவில்லை. 'பாதுகாப்புக் கருதி வெளியார் அனைவரும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிய வேண்டும்' என்று எழுதினேன். 'அனைவரும்' என்ற சொல்லைப் போட்டது நான்தான். அதைப் போட்டதில் எனக்கொரு கெட்டித்தன உணர்வுகூட வந்தது, அதுதான் இப்போது கூசுகிறது.

வாசலில் ஒரு சீஆர் கொப்பி வைத்தார்கள். ஒரு மாசம் கழித்து, செக்கியூரிட்டி தேத்தண்ணிக்குப் போன நேரம் சும்மா புரட்டிப் பார்த்தேன். மூன்று பக்கம். ஒரு செல்வராசா இல்லை, ஒரு பெரேரா இல்லை. அத்தனையும் முஸ்லிம் பெயர்கள். என்னுடைய மாமா மகன் கிழமைக்கு இரண்டு தரம் வந்துபோகிறவன், அவனிடம் ஒருநாளும் பேனையை நீட்டவில்லையாம்.

இதே வெள்ளவத்தையில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று நாங்கள் பொலிசில் பதிந்த காலம் மறந்துபோகிற தூரத்தில் இல்லை. 2007 யூன் 7 விடியற்காலை, லொட்ஜுகளில் இருந்த முந்நூற்றுச் சொச்சத் தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் அடுத்த நாளே தடையுத்தரவு போட்டது. அப்போது பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சியும் ஒருவர். இதெல்லாம் தெரிந்த கைதான் அந்த அறிவித்தலை எழுதியது. கொப்பியை மூடிவைத்துவிட்டு மேலே போனேன். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாடியில் ஒரு முஸ்லிம் அக்கா. அந்த வீட்டிலிருந்து நோன்பு மாசத்தில் தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். அம்மா சிரித்துக்கொண்டே வாங்குவா, குடிக்கமாட்டா. வேலைக்கு வரும் மலையகத்து ஹற்றன் பிள்ளைக்கு ஊற்றிவிடுவா. அந்தப் பிள்ளைக்குத் தனிக் கோப்பை. அது ஏன் தனி என்று நான் கேட்டதுமில்லை. மலையகத் தமிழரை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எங்கள் வீட்டில் கோபத்தில்கூட இல்லை, சாதாரணமாகப் புழங்கியது. (1948இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தவர்களைத் திட்டும்போதும் அதே வாய்தான். அதைத் தனியாக எழுதவேண்டும்.) 2019 நோன்புக்குக் கஞ்சி வரவில்லை. அம்மா, 'பயந்துபோய்க் கிடக்கினம் போல' என்று சொன்னதோடு சரி.

பேச்சு வந்தது 2022இல். எங்கள் நல்லெண்ணத்தால் இல்லை, காஸ் இல்லாததால். கொழும்பில் சிலிண்டருக்கு ஆட்கள் றோட்டில் படுத்துக்கிடந்த நாட்கள், கரண்டும் மணித்தியாலக் கணக்கில் வெட்டு. எங்கள் மொட்டைமாடியில் செங்கல் வைத்து விறகடுப்பு மூட்டினோம். வீட்டுக்கு வீடு சமைக்க விறகு கட்டுப்படியாகாது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பானையாகிவிட்டது. நோன்பு மாசத்தில் ஒருநாள் அந்த அக்கா சோற்றைக் கொட்டிப் பரிமாறப் பெரிய எனாமல் தட்டொன்றைத் தூக்கி வந்தா. ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் தட்டு. சகன்.

அம்மா அதைக் கண்டதும் முகம் மலர்ந்து சொன்னா: "அட, இப்பிடி ஒண்டு யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டிலையும் கிடந்தது பிள்ளை. நான் அதிலதான் மிளகாய் காயப்போடுறனான்."

அக்கா தட்டை நிலத்தில் வைத்தா. "எங்க அன்ரி வாங்கினீங்கள்?"

அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில்தான் மண்டைக்குள் ஏதோ சுர்ரென்றது. எனக்குப் பதினாலு வயசு, 90ஆம் ஆண்டுக் கடைசி. ஒரு சைக்கிள் கரியரில் கட்டி அப்பா அதைக் கொண்டுவந்தார். மலிவாகக் கிடைத்தது என்றார். எங்கிருந்து மலிவாகக் கிடைத்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"நீங்கள் புத்தளமெல்லோ?" என்று அம்மா பேச்சை மாற்றப் பார்த்தா.

"புத்தளத்தில பன்னிரண்டு வருசம் கிடுகுக் கொட்டிலில இருந்தனாங்கள். ஊர் சோனகதெரு, அன்ரி."

சோனகதெரு யாழ்ப்பாண முஸ்லிம்களின் இடம். அவவின் தமிழைக் கேட்டே நான் யோசித்திருக்கவேணும். எங்கள் வீட்டைவிடச் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். ஏன் இத்தனை வருசம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்கட ஆக்கள் உடன கதையை மாத்துவினம்" என்றா. கோபமில்லாமல்தான் சொன்னா.

பிறகு அவவே சொன்னா. 1990 ஒக்டோபர் 30. காலையில் புலிகள் இயக்கம் ஸ்பீக்கரில் அறிவித்தது, முஸ்லிம்கள் எல்லாரும் ஜின்னா மைதானத்துக்கு வா என்று. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறவேணும். வழியில் மறித்துப் பைகளைச் சோதித்தார்கள். அவவுக்கு அப்போது பதினெட்டு. தோட்டைக் கழற்றச் சொன்ன பெண்பிள்ளை அவவோடு ரியூசனுக்கு வந்தவள். "அவள் என்ர பேரைச் சொல்லித்தான் கழட்டச் சொன்னவள்" என்றா. வடக்கு முழுக்க எழுபத்தையாயிரம் பேரளவில் அந்த ஒக்டோபரில் துரத்தப்பட்டார்கள். சரியாக ஐந்து வருசம் கழித்து, அதே ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் நாங்கள் இடம்பெயர்ந்து மூட்டையோடு நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்றோம். எங்கள் திகதி எனக்கு மனப்பாடம். அவர்களுடையதும் அதே திகதி என்று எனக்கு நாற்பத்தாறு வயசில், ஒரு மொட்டைமாடியில்தான் உறைத்தது.

அம்மா விடவில்லை. 90இல் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டதைப் பற்றி எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னா: "கிழக்கில உங்கட ஆக்கள் ஊர்காவல் படையை வச்சுக்கொண்டு வீரமுனையில எங்கட சனத்தை என்ன செய்தவை?"

"அன்ரி, நான் வீரமுனையைக் கண்ணாலையும் கண்டதில்லை. சோனகதெருவில இருந்து அது எவ்வளவு தூரம்?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "அம்மா, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில பதின்மூண்டு ஆமி செத்ததுக்கு வெள்ளவத்தையில எங்கட வீட்டை ஏன் எரிச்சவங்கள்?" அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பது மாதிரி. நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது, அக்கா பேரீச்சம்பழத்தை எல்லாருக்கும் நீட்டினா, அம்மாவுக்கும். அம்மா எடுத்தா. கட்டிப்பிடித்து அழுகை ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படியால் இறங்கினோம், லிஃப்ட் வேலைசெய்யவில்லை.

போகும்போது அக்கா ஒன்று கேட்டா: "அன்ரி, உங்கட சகன்ர விளிம்பில பூ இருந்ததோ? என்ன நிறம்?" அம்மா ஞாபகமில்லை என்றா. 1965இல் தன் கலியாணத்துக்கு வாங்கிய வெற்றிலையின் விலையே ஞாபகமுள்ள மனுசி.

கேள்விக்கு வருகிறேன். நல்லிணக்கக் கருத்தரங்குகளுக்கு நானும் போயிருக்கிறேன். மூன்று மொழியில் பெனர், குத்துவிளக்கு, ஃபிரைட் ரைஸ் பார்சல். அங்கே அவரவர் மற்றவருடைய பாவத்தைப் பற்றித்தான் நன்றாகப் பேசுவார்கள், நானும் பேசினேன். என் அனுபவத்தில் கதை நகர்ந்தது சொந்த மொழியில், சொந்தச் சனத்தோடு, நாங்கள் செய்ததைப் பற்றிப் பேசும்போதுதான். அதற்கு விலையும் இருக்கிறது. அடுத்த தொடர்மாடிக் கூட்டத்தில் நான் எழும்பி, 2019 அறிவித்தலை எழுதியது நான், அந்தக் கொப்பியில் யாருடைய பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருவர் எழும்பிப் போய்விட்டார், இன்றுவரை லிஃப்டில் என்னோடு முகம் கொடுப்பதில்லை. இன்னொருவர், "தம்பி, அது எல்லாருக்கும் பொதுவா வச்ச கொப்பி" என்றார். என்னுடைய சொல்லையே எனக்குத் திருப்பித் தந்தார், என்ன சொல்வது? கொப்பி இன்னும் வாசலில் இருக்கிறது. நான் என் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் அதில் எழுதவைக்கிறேன், மாமா மகன் உட்பட. அவனுக்கு எரிச்சல்.

ஐந்தாம் மாடி அக்காவிடம் தனியாகப் போய் அறிவித்தலைப் பற்றியும் சொன்னேன். "தெரியும். தமிழ் நல்லா இருந்தது, அப்பவே நீங்கள்தான் எண்டு நினைச்சனான்" என்றா.

கஞ்சி திரும்ப வருகிறது. அம்மா இப்போது கொஞ்சம் குடிக்கிறா. போன மாசம் வாழைப்பூ துப்பரவாக்கிக்கொண்டிருந்தவ, தலையை நிமிர்த்தாமல், "பச்சை" என்றா. என்ன பச்சை என்று கேட்டேன். "விளிம்பில. பச்சைப் பூ." அதை நான் இன்னும் மேலே போய்ச் சொல்லவில்லை.