சமூக அறிவியலில் பிஎச்டி: சேருவதற்கு முன் மூன்று மாதம் ஒதுக்குங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டார், கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பிஎச்டிதான் செய்வேன் என்று நிற்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகமும் இல்லாமல் கருவியும் இல்லாமல் இதில் என்னதான் ஆராய்ச்சி செய்வார்கள், இத்தனை வருஷம் போன பிறகு என்ன வேலை கிடைக்கும் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் இரண்டாவதற்குப் பதில் சொல்வது சுலபம்.

1929-30இல் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரில் இருந்த நெசவாலை மூடப்பட்டது. கிட்டத்தட்ட ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் கொண்ட குழு அங்கே போய் ஆராய்ந்தது. வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கும், அதனால் நிறையப் படிப்பார் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் நூலகப் பதிவேட்டைப் பார்த்தார்கள். புத்தகம் எடுக்கும் கட்டணத்தை நீக்கிய பிறகும், எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று மறைவாக இருந்து கணக்கெடுத்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை காத்திருந்த பெண்கள் விரைவாக நடந்தார்கள். வேலை போனால் மனிதருக்கு நேரமே சிதைந்துபோகிறது என்பதை 1933இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. கடிகாரமும் பதிவேடும் பேசத் தயாரான ஆட்களும்தான் அவர்களுடைய கருவிகள்.

கல்வியியலிலும் இப்படித்தான். வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் நன்றாகப் படிப்பார்களா? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஆய்வில், 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகளுக்கும் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சேர்த்தார்கள். சிறிய வகுப்புக் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே நின்றார்கள். மொழி, வரலாறு பக்கம் வந்தால், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக நம்பப்பட்ட ஆவணம் போலியானது என்று இத்தாலிய அறிஞர் லோரென்சோ வல்லா 1440இல் நிறுவினார். நான்காம் நூற்றாண்டில் வழங்காத சொற்கள் அதில் இருந்தன என்பது அவருடைய முக்கியமான ஆதாரங்களில் ஒன்று.

சரி, இதெல்லாம் முடிவு. உங்கள் மகள் வாழப்போவது அந்த முடிவுக்கு முந்தைய நாட்களில், அதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேட்டி எடுத்தால், அதைக் கேட்டு எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது போகும். இப்போது மென்பொருள் எழுதிக்கொடுக்கிறது, ஆனால் வரிக்கு வரி சரிபார்க்கத்தான் வேண்டும். அப்புறம் அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்த விஷயம் எங்கே தலைகாட்டுகிறது என்று குறியிட வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். குழந்தைகளைப் பற்றிய ஆய்வென்றால் பொதுவாகப் பெற்றோரின் சம்மதமும் தேவைப்படும். எழுதிய அத்தியாயம் சிவப்பு மையோடு திரும்பி வரும், மறுபடி எழுத வேண்டும். பாராட்டு அபூர்வமாகத்தான் வரும். இந்த அன்றாடம் பிடித்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். பட்டம் மட்டும் பிடித்தவர்கள் பாதியில் களைத்துப்போகிறார்கள்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பம் போடுவதற்கு முன் மூன்று மாதம் அவர் ஒரு சிறிய ஆய்வைத் தானே செய்து பார்க்கட்டும். வேலைக்குப் போய்க்கொண்டே கூடச் செய்யலாம். இருபது கட்டுரை படிக்க வேண்டும், நாலைந்து பேரிடம் அவர்கள் சம்மதத்தோடு பேசிக் குறிப்பெடுக்க வேண்டும், பத்துப் பக்கம் எழுத வேண்டும்.

இதில் கஷ்டமான வேலை கேள்வியைச் செதுக்குவதுதான். ‘இணைய வகுப்புகளின் தாக்கம்’ என்று மாணவர்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். அது தலைப்பு, அதற்குள் இன்னும் கேள்வி இல்லை. வீட்டில் ஒரே ஒரு கைபேசி இருக்கிறது, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. கைபேசி யார் கைக்குப் போகிறது, அதை முடிவு செய்வது யார்? இது கேள்வி. யாரிடம் போய்ப் பேச வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்தப் பதில் வந்தால் நம் எண்ணம் தவறு என்று ஆகும் என்பதெல்லாம் இதில் தானாகத் தெரியும். உங்கள் மகளிடம் அவருடைய கேள்வியை ஒரே வாக்கியத்தில் உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை, கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்தும் அவர் அதே கேள்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், தயங்காமல் அனுப்புங்கள். நாலாவது வாரத்திலேயே பைல் மூடிக்கிடந்தால், அதுவும் நல்ல சேதிதான். ஐந்து வருஷத்தில் தெரிய வேண்டியது ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது.

அடுத்தது வேலை. உள்ளதைச் சொல்கிறேன். பல நாடுகளில் முனைவர் பட்டம் வாங்குபவர்கள் அதிகம், நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் அதைவிடக் குறைவு. பேராசிரியர் வேலையை மட்டும் நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றம் வரலாம். ஆனால் கேள்வி கேட்கவும், பேட்டி எடுக்கவும், கணக்கெடுப்பை வடிவமைக்கவும், ஆதாரம் எது வதந்தி எது என்று பிரிக்கவும் தெரிந்தவர்களுக்கு வேறு வாசல்களும் இருக்கின்றன. யுனெஸ்கோ, யுனிசெஃப், உலக வங்கி போன்ற அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் தங்கள் திட்டங்கள் பலன் தந்தனவா என்று மதிப்பிட ஆட்களைத் தேடுகின்றன. மென்பொருள் நிறுவனங்களில், மக்கள் ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் பயனர் ஆய்வு என்றே தனி வேலை இருக்கிறது, சமூகவியலும் மானிடவியலும் படித்தவர்கள் அதில் வேலை பார்க்கிறார்கள். பாடத்திட்டம், தேர்வு வடிவமைப்பு, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பதிப்பகம் என்று இன்னும் உண்டு. இவற்றுக்கெல்லாம் பட்டத்தோடு கைத்திறனும் வேண்டும். முதல் வருஷத்திலேயே அடிப்படைப் புள்ளியியலைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) மென்பொருளும், மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஸோட்டெரோவும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பணம் இல்லாமல் சேர வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். நெதர்லாந்திலும், ஸ்வீடன், நார்வே போன்ற நார்டிக் நாடுகளிலும் முனைவர் பட்ட ஆய்வாளரைப் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியராகவே எடுத்துச் சம்பளம் தருகிறார்கள். அமெரிக்காவில் நிதியோடு இடம் கிடைத்தால் பொதுவாகக் கட்டணம் தள்ளுபடியாகும், பாடம் நடத்துவதற்கு உதவித்தொகையும் வரும், ஆனால் கலைப் பாடங்களில் ஆறேழு வருஷம் சாதாரணம். பிரிட்டனில் மூன்று, நான்கு வருஷம். எங்கே சேர்ந்தாலும் எத்தனை மாதத்துக்கு உதவித்தொகை, அது முடிந்தும் ஆய்வேடு முடியாவிட்டால் என்ன வழி என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடன் வாங்கி ஆராய்ச்சி செய்தால், நல்ல கேள்வியை விட்டுவிட்டுச் சீக்கிரம் முடிகிற கேள்வியைத் தேட வேண்டியதாகிவிடும்.

ஆய்விதழ்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் அரிய கட்டுரையை வரவேற்கிறோம், மூன்று நாளில் வெளியிடுகிறோம்’ என்று மின்னஞ்சல் வரும். பணம் கட்டிவிடாதீர்கள். முறையான இதழ் கட்டுரையை அதே துறை அறிஞர்களிடம் அனுப்பி மதிப்பிடும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கட்டணம் கேட்பதாலேயே ஒரு இதழ் போலி ஆகிவிடாது, ஆனால் இந்தத் துறைகளில் கட்டணமே வாங்காத நல்ல இதழ்கள் ஏராளம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களுக்காக 2003 முதல் இயங்கும் டிஓஏஜே (DOAJ) என்ற இணையப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். போலி இதழில் வந்த கட்டுரை பிற்பாடு விண்ணப்பத்தில் தலைகுனிவாக நிற்கும்.

கடைசியாக, நெறியாளர், அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இதுதான் முக்கியம் என்று நான் நம்புகிறேன். பெரிய பெயருள்ள இடத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் முகம் காட்டும் நெறியாளரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளையைவிட, சுமாரான இடத்தில் மாதம் இரண்டு முறை உட்கார்ந்து படித்துத் திருத்தும் நெறியாளரிடம் சேர்ந்த பிள்ளை நன்றாக வருவார். சேர நினைக்கும் நெறியாளரிடம் இப்போது ஆய்வு செய்பவர்கள் இரண்டு பேரிடமும், விட்டுவிட்டுப் போனவர் ஒருவரிடமும் உங்கள் மகள் தனியாகப் பேசட்டும். அனுப்பிய அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வரும்? கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்? அவரோடு கருத்து மாறுபட்டால் என்ன நடக்கும்? போனவர் ஏன் போனார்? நேரில் கேளுங்கள், எழுத்தில் யாரும் இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பத்துப் பக்கம் தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு, எந்தத் துறையில் எப்படிப்பட்ட நெறியாளரைத் தேடலாம் என்று அவரிடமே பேசுகிறேன்.