பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

கேள்வி: அண்ணா, என் அம்மாவுக்கு எழுத்து வாசிப்பது கஷ்டம். போனில் நிறைய எண்கள், பாதிப் பேர் கனடா, பிரான்ஸ், சுவிஸ். முகம் தெரிந்தால் தானே அழைத்துப் பேசுவார். எனக்குப் பைதன் நிரல்மொழி ஓரளவு தெரியும். பேஸ்புக் படங்களை எடுத்து அந்தந்த எண்ணோடு சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதலாமா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: எழுதலாம் தங்கச்சி. ஆனால் பேஸ்புக்கிலிருந்து படம் இறக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் அது சுலபம். 2014 ஏப்ரலில் விதி மாறியது; ஒரு செயலிக்கு, அதே செயலியைப் பாவிக்கும் நண்பர்களின் பட்டியல் மட்டும்தான் கிடைக்கும் என்றாகிவிட்டது. பழைய வழி 2015 ஏப்ரல் 30ஆம் திகதியோடு மூடப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்டுகள் அதனால்தான் ஓடுவதில்லை. பக்கங்களைத் தானாகத் திறந்து படம் அள்ளும் ஸ்கிரிப்டுகளை பேஸ்புக்கின் விதிகள் அனுமதிப்பதில்லை, கணக்கே போய்விடலாம்.

கிடைத்தாலும் அந்தப் படங்கள் அம்மாவுக்கு உதவா. எங்கள் ஆட்கள் பலர் அங்கே வைத்திருப்பது பிள்ளையின் படம், இல்லாவிட்டால் வற்றாப்பளை அம்மன். அம்மாவுக்கு வேண்டியது முகம். ஆகவே ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “அம்மாவின் போனில் போட முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று அனுப்புங்கோ.” அனுப்புபவர் சம்மதித்துத்தான் அனுப்புகிறார், அது முக்கியம். இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் வன்னியில் எத்தனையோ. அதனால் வரும் படங்களை வெட்டாமல், சுருக்காமல் தனிக் கோப்புறையில் ஒரு பிரதி வைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

பெயரை வைத்துப் பொருத்த வேண்டாம். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தமிழ் எழுத்தும் காலை வாரும்: ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. எண்ணை வைத்தே பொருத்துங்கள். இடைவெளி, கோடு எல்லாவற்றையும் நீக்குங்கள். 00 என்று தொடங்கினால் அதற்குப் பதில் +. அதன் பிறகுதான் ஒற்றை 0 என்று தொடங்குவதை +94 ஆக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் 0041 என்று சேமித்த சுவிஸ் மாமா இலங்கை எண்ணாகிவிடுவார். படக் கோப்புக்கும் அதே எண்ணையே பெயராக வையுங்கள்.

போனின் தொடர்புகளை விசிஎஃப் (தொடர்பு விவரங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு ஆளும் ‘பிகின்’, ‘எண்ட்’ என்ற வரிகளுக்கு நடுவில் இருப்பார். படம் ‘ஃபோட்டோ’ என்ற புலத்தில், பேஸ்64 என்ற குறியாக்க முறையில் எழுத்தாக மாறிப் போய் உட்காரும். அப்படி மாறும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், ஆகவே படங்களைக் கையாளும் ‘பில்லோ’ என்ற பைதன் நிரல் நூலகத்தால் சிறிய சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். போனில் எடுத்த படங்களுக்கு வெட்டுமுன், படத்தை நேராகத் திருப்பும் அதன் ‘எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்’ கட்டளை கட்டாயம், இல்லாவிட்டால் முகம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். விசிஎஃப் கோப்பை வாசித்து எழுத ‘விஆப்ஜெக்ட்’ என்ற பைதன் நூலகம் போதும், நீள வரிகளைப் பல வரிகளாக மடிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒருவருக்கு இரண்டு மூன்று எண் இருக்கலாம், எல்லாவற்றையும் தேடும்படி ஸ்கிரிப்டுக்குச் சொல்லுங்கள்.

முதலில் நாலைந்து பேரை மட்டும் உங்கள் போனில் ஏற்றிப் பாருங்கள். இறக்குமதி செய்யும்போது அதே ஆள் இரண்டு தரம் வரக்கூடும். அதனால் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பழைய பதிவுகளை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுவது நல்லது. படம் கிடைக்காத எண்களை ஸ்கிரிப்ட் கடைசியில் பட்டியலாகக் காட்டட்டும். அடுத்ததாக யாரிடம் கேட்க வேண்டும் என்று அம்மாவோடு இருந்து பார்க்கலாம்.