அணியத்தில் ஒடியும் பட்டைகள்

கேள்வி: ‘விக்டரி’ போர்க்கப்பலின் மர மாதிரியைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கப்பலின் முன்பகுதியான அணியத்தருகே, உடலை மூட ஒட்டும் மெல்லிய பலகைப் பட்டைகள் ஒடிகின்றன. அடிமரமான ஏராவும் ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. கைவிட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 1765இல் நீரில் இறக்கப்பட்டு, இன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் காட்சிக்கு நிற்கும் அக்கப்பலின் முகப்பு பருத்து உருண்டையானது. பட்டை அங்கே சட்டென்று திரும்ப வேண்டியிருப்பதால், புதிதாகச் செய்பவர் பலரும் அவ்விடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பட்டையை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடே வளைவில் ஊசிகளால் நிறுத்தி, ஓர் இரவு உலரவிட்ட பிறகே பசையிடுங்கள். ஈரமாக ஒட்டினால், காயும்போது மரம் சுருங்கி, பட்டைகளுக்கிடையே முடி நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அணியத்தை நெருங்க நெருங்க இடம் குறுகுவதால், பட்டையின் முனையைப் பாதி அகலம்வரை இழைத்துக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் ஊசி குத்தும்போதே பிளந்துவிடும்.

ஏரா வளைந்ததற்குக் காரணம், ஒரு பக்கத்தை முழுவதும் மூடிய பின் மறுபக்கத்தைத் தொடங்கியதாக இருக்கும். என் முதல் கப்பலும் அப்படித்தான் கோணியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டினால்தான் இருபுறத்து இழுப்பும் சமமாகும். நீங்கள் பயன்படுத்தியது சாதாரண வெள்ளைப் பசையானால், வெந்நீரில் நனைத்த துணியை இணைப்பின்மேல் சற்று நேரம் வைத்து, பட்டைகளைப் பொறுமையாகக் கழற்றி, ஏராவை நேர்செய்துகொண்டு மீண்டும் தொடங்கலாம்.