வாசகர் கேள்வி பதில்: சொந்தக் கையால கெர்னல்

கேள்வி: அண்ணே, லினக்ஸ் கெர்னலை (சிஸ்டத்தோட மையமான புரோகிராம்) சோர்ஸ் கோட்ல இருந்து நாமளே கம்பைல் பண்ணலாம்னு சொன்னாங்கன்னு உபுண்டு லேப்டாப்ல இறங்கிட்டேன். கெர்னல்ல எது எது வேணும்னு தேர்வு பண்ற மெனுகான்ஃபிக் திறந்தா ஆயிரக்கணக்குல ஆப்ஷன், கண்ணக் கட்டுது. சரின்னு பூட் ஃபோல்டர்ல இருந்த கான்ஃபிக்கை (இப்ப ஓடற கெர்னலோட ஆப்ஷன் லிஸ்ட்) காப்பி பண்ணி, கம்பைல் பண்ற மேக் கமாண்ட் குடுத்தா சர்டிஃபிகேட் ஃபைல் இல்லன்னு நின்னுடுது. (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: காப்பி பண்ணீங்க பாருங்க, அதான் தம்பி சரியான வழி, மெனுகான்ஃபிக்ல ஒண்ணொண்ணா டிக் போட உக்காந்தா விடிஞ்சிடும். 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் விட்ட முதல் வெர்ஷன் பத்தாயிரம் வரி வாக்குல தான் இருந்துச்சு, இப்ப 3 கோடியைத் தாண்டியாச்சு, அதுல பாதிக்கு மேல டிரைவர் (ஒவ்வொரு சாதனத்தையும் ஓட்டற கோட்), முக்கால்வாசி உங்க லேப்டாப்ல இல்லாத சாமானுக்கு.

சர்டிஃபிகேட் விஷயம் இதான்: அந்த ஃபைல் உபுண்டுக்காரங்க சோர்ஸ் கூட தான் வரும், கெர்னலோட சொந்த தளமான கெர்னல் டாட் ஆர்க்ல இறக்கினதுல கிடையாது, ஆனா நீங்க காப்பி பண்ண கான்ஃபிக் அதைத் தேடிட்டே இருக்கும். டாட் கான்ஃபிக் ஃபைல்ல சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ்னு ரெண்டு வரி இருக்கும், கொட்டேஷனுக்குள்ள இருக்கிறத அழிச்சு வெறும் கொட்டேஷனா விடுங்க. அப்புறம் மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக், புது ஆப்ஷனுக்கெல்லாம் டீஃபால்ட் பதிலை அதுவே போட்டுக்கும். பிழை தேட உதவற டீபக் இன்ஃபோவையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா பில்ட் ஃபோல்டரே 20 ஜிபிக்கு மேல தின்னுடும்.

இன்னொண்ணு, மேக் கூட மைனஸ் ஜே போட்டு நாலஞ்சு வேலைய ஒண்ணா ஓட்டும்போது எரர் வந்தா கடைசி வரியப் பாத்து பயப்படாதீங்க, அங்க வெறும் எரர் 2ன்னு தான் இருக்கும், உண்மையான காரணம் நூறு வரி மேல எங்கயாவது கெடக்கும். ஜே இல்லாம இன்னொரு தடவ மேக் குடுத்தா அதே இடத்துல வந்து நிக்கும், அப்ப படிங்க. பெரும்பாலும் ஃப்ளெக்ஸ், பைசன், லிப்எல்ஃப்னு ஏதாவது ஒரு பேக்கேஜ் போடாம விட்டிருப்பீங்க.

கேள்வி: லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டேன், கம்பைல் சட்டுனு முடிஞ்சுது, சந்தோஷமா பூட் பண்ணா பென்டிரைவ் சொருகினா ஒண்ணுமே வரலயே? (வாசகி, தேனி)

பதில்: நானும் இதுல விழுந்து எழுந்தவன் தான்மா. அந்த கமாண்ட் போடற நிமிஷத்துல எந்தெந்த மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னல் ஏத்திக்கற துண்டு) லோட் ஆகியிருக்குன்னு பாத்து அதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்த மாட்யூலையெல்லாம் தூக்கிடும். பென்டிரைவ் அப்ப சொருகியிருக்காது, யூஎஸ்பி ஸ்டோரேஜ் போச்சு. எனக்குப் போனது செல்போன் டெதரிங். வீட்ல நெட்டே அது வழியா தான், அதனால என்ன தப்புன்னு தேடிப் பாக்கக்கூட வழியில்லாம அரை நாள் முழிச்சேன், அப்புறம் தான் பூட் ஆகும்போது எந்த கெர்னல்னு கேக்கற கிரப் மெனுல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்குள்ள பழைய கெர்னல் பத்திரமா இருக்கிறது உறைச்சுது. நீங்களும் பழசுலயே பூட் பண்ணி, பென்டிரைவ், ப்ளூடூத், பிரிண்டர்னு வீட்ல இருக்கிறது எல்லாத்தையும் ஒரு தடவ சொருகி ஓட்டிட்டு, பழைய கான்ஃபிக்கை திரும்ப காப்பி பண்ணி அப்புறம் அந்த கமாண்டைப் போடுங்க. கம்பைல் முடிஞ்சதும் மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால் முதல்ல, மேக் இன்ஸ்டால் அடுத்து, மாத்திடாதீங்க. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா டிஜிட்டல் கையெழுத்து இல்லாத உங்க கெர்னலை உள்ளயே விடாது, பயாஸ்ல ஆஃப் பண்ணுங்க.

கேள்வி: இவ்ளோ கஷ்டப்பட்டா சிஸ்டம் ஸ்பீடாகுமா? (வாசகர், ஆவடி)

பதில்: ஆகாது சார். கண்ணுக்குத் தெரியற அளவுக்கு நிச்சயமா ஆகாது. ஸ்பீடு தான் வேணும்னா எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்க.