டூயல் கிரெடிட் எடுக்கலாமா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நாங்கள் டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் பத்தாவது படிக்கிறாள். அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்த நாளிலிருந்து வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் கிரெடிட்டில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. அவருடன் வேலை பார்ப்பவரின் பையன் பன்னிரண்டாவது முடிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜின் இரண்டு வருடப் பட்டத்தையும் கையில் வாங்கிவிட்டானாம். "ரெண்டு வருஷ ஃபீஸ் மிச்சம்" என்று எக்செல் போட்டுக் காட்டுகிறார். என் தோழிகளோ பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தி, கடைசியில் பொதுத் தேர்வு வைக்கும் ஏ.பி.தான் உசத்தி, டூயல் கிரெடிட்டை நல்ல யுனிவர்சிட்டியில் மதிக்கவே மாட்டார்கள் என்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து மாமனார் போனில், "பதினாறு வயசுல காலேஜா, அப்படி என்ன அவசரம்?" என்கிறார். மகளுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை, இந்த மாதம் வரை. உங்கள் பையன் இதில் சேர்ந்து படித்தவன் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ர.
(முழுப் பெயர் போடாதீர்கள். இந்த ஊரில் எல்லாரும் உங்களைப் படிக்கிறார்கள்.)

அன்புள்ள ர.,

முதலில் உங்கள் மாமனார். தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு படித்தவர் என்றால், அவரே பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பதினாறு வயதில் ஒரு வருட பி.யூ.சி.க்காகக் கல்லூரி வாசலை மிதித்தவராகத்தான் இருப்பார். என் அப்பாவும் அப்படித்தான். தமிழில் படித்துவிட்டுப் போனவருக்கு அங்கே எல்லாமே இங்கிலீஷ். முதல் மூன்று மாதம் ஒன்றும் விளங்கவில்லை, வராந்தாவில் நின்று அழுதேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த ஒரு வருடத்தில் கோட்டை விட்டு ஊர் திரும்பியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். ஆக, பதினாறில் கல்லூரி நமக்குப் புதிதல்ல. அதில் விழுவதும் புதிதல்ல.

டூயல் கிரெடிட் என்பது ஒரே வகுப்பை இரண்டு கணக்கில் எழுதுவது. பன்னிரண்டாவதில் இங்கிலீஷ் 1301, 1302 எடுத்தால் பள்ளியின் நான்காம் ஆண்டு ஆங்கிலமும் முடிந்தது, கல்லூரியில் பட்டத்துக்கான கணக்கில் ஆறு கிரெடிட்டும் சேர்ந்தது. (டெக்சஸில் அந்த எண்ணின் முதல் இலக்கம் எந்த ஆண்டுப் பாடம் என்பது, இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பது. படிவம் நிரப்பும்போது உதவும்.) சில சமயம் உங்கள் பள்ளி ஆசிரியரே நடத்துவார். அதற்கு அவர் முதுகலை முடித்து, அந்தப் பாடத்திலேயே 18 கிரெடிட்டாவது முதுகலை அளவில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சில சமயம் கல்லூரிக்குப் போக வேண்டும், அல்லது ஆன்லைன். இது ஏதோ நம் பேட்டையின் மோகமும் இல்லை. 2022-23இல் நாடு முழுக்க ஏறக்குறைய 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படி ஒரு கல்லூரிப் பாடமாவது எடுத்திருக்கிறார்கள் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது.

எக்செல்லில் வராத ஒரு வரி உண்டு. அது எங்கள் வீட்டில் நடந்தது.

பையன் பதினொன்றாவதில் அமெரிக்க வரலாறு 1301ஐ ஒரு கல்லூரியில் ஆன்லைனில் எடுத்தான். வாரம் ஒரு பதிவு, ஞாயிறு இரவு 11:59க்குள் போட வேண்டும். பள்ளியில் தாமதமாகக் கொடுத்தால் பத்து மார்க் குறைப்பார்கள், அவ்வளவுதான். இவன் அதே பழக்கத்தில் மூன்று வாரம் விட்டுவிட்டான். மூன்றுக்கும் பூஜ்யம். எனக்குத் தெரிந்தது அக்டோபர் கடைசியில். உடனே பேராசிரியருக்கு நீளமாக ஒரு மெயில் அடித்தேன், பையன் நல்லவன், கிரிக்கெட் சீசன், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று. இரண்டு வரியில் பதில் வந்தது: மாணவரைப் பற்றி உங்களிடம் பேச இயலாது, சிலபஸைப் (பாடத்தின் விதிகளும் தேதிகளும் எழுதிய தாள்) பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பெற்றவளிடம் பேச மாட்டாராமா! அப்புறம் விசாரித்தால், அவர் பக்கம்தான் சட்டம். 1974இல் வந்த கல்விப் பதிவுகள் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்த அன்றே அந்தக் கல்லூரிப் பதிவின் உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது, வயது பதினாறாக இருந்தாலும். வரிக் கணக்கில் பிள்ளை உங்களைச் சார்ந்தவள் என்றால் கல்லூரி உங்களுக்குக் காட்டலாம், ஆனால் காட்டியே ஆக வேண்டும் என்றில்லை. பள்ளி வைத்திருக்கும் பதிவைப் பார்க்கும் உரிமை மட்டும் அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை உங்களிடம் இருக்கும். தினமும் பள்ளியின் ஆப்பைத் திறந்து மார்க் பார்க்கும் நம் மாதிரி ஆட்களுக்கு இது கை ஒடிந்த மாதிரி.

பையன் முட்டி மோதி 'சி' வாங்கினான். அது இன்றும் இருக்கிறது. போன வருடம், வேலைக்குப் போய்விட்ட பிறகு, மேற்படிப்புக்கு விண்ணப்பித்தான். இதுவரை படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டும், அதாவது மதிப்பெண் பட்டியலும், வேண்டும் என்றார்கள். பதினாறு வயதில் மூன்று ஞாயிற்றுக்கிழமை மறந்ததை இருபத்தைந்து வயதில் தேடி எடுத்து, காசு கட்டி அனுப்பினான்.

உங்கள் மகள் டாக்டர் ஆசையைத் தை மாதம் வரை நீட்டித்தால் இதை அவசியம் கவனியுங்கள். நாடு முழுக்க உள்ள மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பமும் சரி, டெக்சஸுக்கென்று தனியாக இருக்கும் விண்ணப்பமும் சரி, பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் கேட்கின்றன. அந்த மார்க்கையும் ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண்ணில் சேர்க்கின்றன. ஏ.பி.யில் இந்தப் பயம் கிடையாது. மே மாதம் ஒரே ஒரு தேர்வு, 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண், சரியாக வரவில்லை என்றால் அனுப்பாமல் விட்டுவிடலாம். கிட்டத்தட்ட வேறு எந்த ஒப்பீட்டையும்விட எனக்கு இதுதான் பெரியதாகத் தெரிகிறது: அங்கே ஒரு காலை நேரம், இங்கே ஒரு முழு செமஸ்டர்.

சரி, எக்செல்லுக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி உண்மை. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள் 42 கிரெடிட். அதை முழுதாக முடித்துவிட்டுப் போனால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் மொத்தமாக ஏற்க வேண்டும். அதில் அமெரிக்க வரலாறு ஆறு, அரசியல் ஆறு கட்டாயம். எங்கே போனாலும் எடுத்தே ஆக வேண்டியவை என்பதால் முன்பே முடிப்பதில் நஷ்டமில்லை. பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டது, ஒன்றரை வருடம் மிச்சம் என்று எக்செல் சொல்லும்.

படிப்பு அப்படி நடப்பதில்லை. இன்ஜினியரிங்கில் கால்குலஸ் முடித்தால்தான் இயற்பியல், அது முடித்தால்தான் அடுத்தது, அப்புறம்தான் துறைப் பாடங்கள். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும் சங்கிலி. வரலாறும் ஆங்கிலமும் முன்பே முடித்தவளும் அந்தச் சங்கிலியில் முதல் வளையத்திலிருந்துதான் நடக்க வேண்டும். உயிரியல், வேதியியலும் அப்படித்தான். ஆக, வருடம் குறைவது நிச்சயமில்லை. செமஸ்டர் இலகுவாகும், இரண்டாவதாக ஒரு துறை எடுத்துப் படிக்கலாம், சிலருக்கு ஒரு செமஸ்டர் மிச்சமாகும். அதுவும் நல்லதுதான், ஆனால் அது இரண்டு வருட ஃபீஸ் இல்லை. மாநிலம் தாண்டிப் போனால் டெக்சஸ் அரசியல் பாடத்தை எங்கே செருகுவது என்று அவர்கள் விழிப்பார்கள். பள்ளிப் பட்டயத்துக்குக் கணக்கு வைத்த பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தர மாட்டோம் என்று சொல்லும் தனியார் பல்கலைக்கழகங்களும் பல. உங்கள் தோழிகள் சொல்வது இந்த இடத்தில் மட்டும் சரி.

இரண்டு வருடப் பட்டம் வாங்கிய அந்தப் பையன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்லூரிச் செலவே எட்டாத வீடுகளுக்கு இந்தத் திட்டம் பெரிய வாசல். பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் டூயல் கிரெடிட்டே இலவசம் என்று 2023இல் டெக்சஸ் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஐ.டி. சம்பளம் வரும் வீட்டில் உட்கார்ந்து நாம் போடும் எக்செல் வேறு கதை.

அப்புறம் கிளாஸ் ரேங்க். 1997 சட்டப்படி வகுப்பில் முதல் 10 விழுக்காட்டில் வந்தவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அது சுருங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு முதல் 5 விழுக்காடு ஆகிவிட்டது. பள்ளி வட்டாரத்துக்கு வட்டாரம் ரேங்க் கணக்கில் ஏ.பி.க்கும் டூயல் கிரெடிட்டுக்கும் தரும் எடை மாறும். பல இடங்களில் ஏ.பி.க்குக் கூடுதல். உங்கள் வட்டாரத்தின் கையேட்டில் அந்த ஒரு அட்டவணையை மட்டும் இன்று இரவே பார்த்துவிடுங்கள். பட்டிமன்றம் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

நானாக இருந்தால், பதினொன்றாவதில் ஒரே ஒரு டூயல் கிரெடிட் பாடம், அவளுக்குக் கை வந்த பாடமாக, முடிந்தால் பள்ளியிலேயே நேரில் நடக்கும் வகுப்பாக எடுக்கச் சொல்வேன். அறிவியலும் கணிதமும் ஏ.பி.யில் இருக்கட்டும். மருத்துவம் படிக்கப் போகிறவள் வேதியியலைக் கம்யூனிட்டி காலேஜில் அவசரமாக முடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த ஒரு பாடத்தில் 'ஏ' வந்தால் பன்னிரண்டாவதில் ஆங்கிலம், அரசியல் என்று கூட்டிக்கொள்ளலாம். இப்படி எடுத்த பிள்ளைகளும் முதலாண்டு மாணவர்களாகத்தான் விண்ணப்பிக்கிறார்கள், அந்தக் கவலை வேண்டாம். டூயல் கிரெடிட்டில் சேருவதற்கு, கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் டி.எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டியிருக்கும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் போதிய மதிப்பெண் இருந்தால் விலக்கு உண்டு, கவுன்சலரிடம் கேளுங்கள்.

கேட்பது மகளாக இருக்கட்டும். சிலபஸ் வந்ததும் அதை அச்செடுத்து, பாடத்தை விட்டு விலகக் கடைசி நாள் எது என்று அவளையே சிவப்பில் வட்டம் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளை நாங்கள் முதன்முதலில் படித்தது அந்த நாள் போன பிறகுதான்.

அன்புடன்,
அக்கா