சேற்றில் விளையாட விடலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகனுக்கு நான்கரை வயது. மழை விட்டதும் வெளியே ஓடிவிடுகிறான். திரும்பி வரும்போது முழங்கால்வரை சேறு, தலைமுடியிலும் சேறு. “மண்ணெல்லாம் கிருமி, நோய் வந்துவிடும்” என்று மாமியார் கோபப்படுகிறார். கணவரோ “விளையாடட்டும் விடு” என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி

பதில்: பிள்ளையின் பக்கம் நில்லுங்கள். ஆனால் உங்கள் மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

மண்ணில் ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் இருக்கின்றன. எனவே தடுப்பூசிகளெல்லாம் தவணை தவறாமல் போடப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மனிதக் கழிவு கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். நாயும் பூனையும் அசுத்தம் செய்யும் மணலில் புழு முட்டைகள் இருக்கலாம். எலி நடமாடும் இடத்தில் தேங்கிய தண்ணீர் எலிக்காய்ச்சலைத் தரும். பழைய பெயின்ட் உதிர்ந்து கிடக்கும் சுவரோரத்து மண்ணில் ஈயம் கலந்திருக்கக்கூடும். இந்த இடங்கள் வேண்டவே வேண்டாம், இதில் பிள்ளையின் பிடிவாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். நல்ல இடத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு. அங்கே என்ன செய்வது என்பதை அவன் முடிவு செய்துகொள்வான்.

விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள். கிருமிநாசினி ஜெல் இதற்கு உதவாது; அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்வதில்லை.

பயத்தைப் பற்றிப் பேச வேண்டியது இவ்வளவுதான். இனி, ஒரு நாள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஈர மண்ணை உருட்டி நடுவில் கட்டைவிரலால் குழி செய்வான். விளிம்பு வெடிக்கும். விரலைத் தண்ணீரில் நனைத்து வெடிப்பைத் தடவுவான். தண்ணீர் கூடிப்போனால் கிண்ணம் சரிந்து உட்காரும். உலர்ந்த மண்ணைத் தூவிப் பிசைவான். சற்றுத் தள்ளி மணலாக இருக்கும் இடத்தில் அள்ளினால் உருண்டை நிற்காது, உதிர்ந்துபோகும். களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது, மணலின் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது, ஆகவே ஒன்று ஒட்டுகிறது, மற்றது ஒட்டுவதில்லை. இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாது, ஆனால் எந்த மண் எதற்கு ஆகும் என்பதை அவன் விரல்கள் கற்றுக்கொண்டுவிடும். கடையில் வாங்கும் பொம்மை எதுவும் இப்படிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாது. தயவுசெய்து அப்போது “இப்படிச் செய், அப்படிச் செய்” என்று உள்ளே நுழையாதீர்கள்.

மாமியாரிடம் சொல்ல ஒரு செய்தியும் உண்டு. பின்லாந்தில் சில குழந்தைகள் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்தரையையும் கொண்டுவந்து பரப்பி, 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிரிகளின் வகை பெருகியது. நோய் எதிர்ப்பு அமைப்பைக் கட்டுக்குள் வைக்கும் அணுக்கள் தொடர்பான அறிகுறிகளும் மேம்பட்டன. ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், அதனால் ஒவ்வாமையே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் மண்ணில் உள்ள உயிர்களெல்லாம் பகைவர்கள் அல்ல என்பது தெளிவு.

கேள்வி: என் ஆறு வயது மகள் மண்ணைத் தொடவே மாட்டாள். மண்புழுவைக் கண்டால் அலறுகிறாள். எப்படிப் பழக்குவது?
– ஒரு வாசகர்

பதில்: கையைப் பிடித்து இழுத்து மண்ணில் வைக்காதீர்கள் ஐயா, அருவருப்பு இரட்டிப்பாகும். ஒரு குச்சி, ஒரு பழைய கரண்டி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் போதும். விரும்பியபோது கழுவிக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதித் தயக்கம் போய்விடும். நீங்களும் கையை அழுக்காக்கிக்கொண்டு உட்காருங்கள். புழுவைத் தொடச் சொல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். அது தோலால்தான் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் செத்துவிடும் என்று சொல்லி, அதன்மேல் தண்ணீர் தெளிக்கும் வேலையை அவளிடம் ஒப்படையுங்கள். ஓர் உயிரைக் காப்பாற்றும் பொறுப்பு கைக்கு வந்ததும் அலறலை மறக்கும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மண் மட்டுமல்லாமல் துணி, சோப்பு நுரை, சாப்பாடு என்று எது மேலே பட்டாலும் துடிக்கிறாள் என்றால், குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் மண்ணை அள்ளித் தின்கிறான். அதட்டியும் நிற்கவில்லை.
– ஒரு பாட்டி

பதில்: அதட்டுவதை நிறுத்துங்கள் அம்மா. தவழும் குழந்தை எதையும் வாயில் வைக்கும், அது இயல்பு. மூன்று வயதிலும் தேடித் தேடித் தின்றால், இரும்புச்சத்துக் குறைவும் ரத்தசோகையும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி ரத்தத்தைப் பரிசோதியுங்கள், குடற்புழு மருந்து பற்றியும் கேளுங்கள். அதுவரை மண் விளையாட்டை அடியோடு நிறுத்த வேண்டாம். யாராவது ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.